கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும், விடுங்கள்

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்த விஷயம் பரவியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நாங்களும் ஏதாவது வளர்க்கலாம்னு பாக்கறோம். எது வாங்கலாம், சொல்லு." நாயா, பூனையா? லேப்ரடாரா, நாட்டு நாயா? மீன் தொட்டி போதுமா, லவ் பேர்ட்ஸ் பரவாயில்லையா?

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்பேன். காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை வீட்டில் யார் இருப்பார்கள்? பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனால் சாவி யாரிடம்? சொந்த வீடா, வாடகையா? பாதிப் பேருக்கு இதற்குள்ளேயே விடை தெரிந்துவிடும். "அப்ப நாய் சரிப்படாது இல்ல?" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எது பிடிக்கும் என்று யோசித்தால் எல்லாமே பிடிக்கும். அதனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணி வாரியாக எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் எந்தப் பிராணிக்கு இடம் மிச்சம் இருக்கிறதோ, அதைப் பற்றி மட்டும் மேற்கொண்டு பேசினால் போதும்.

பட்டியலில் அடித்தவை

எங்கள் வீட்டில் மகள்தான் பட்டியல் போட்டாள். எட்டாம் வகுப்பு. முதல் வரியில் ஹஸ்கி. பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த நாய், இரண்டு அடுக்கு ரோமம். அதைச் சென்னையின் மே மாதத்தில் மூன்றாவது மாடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பகல் முழுக்க ஏசி அறையில் அடைக்க வேண்டும். அடித்தாயிற்று.

அடுத்தது பக். 2003 வாக்கில் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடி வந்ததே, அந்த நாய். அதைப் பார்த்து வாங்கியவர்கள் ஏராளம். அழகாகத் தெரிகிற அந்தச் சப்பை மூக்குதான் அதற்குப் பிரச்சினையே. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூச்சுக் குழாயே குறுகலான நாய்க்கு நம் ஊர் வெயில் பெரிய சோதனை.

பச்சைக்கிளி என்றார் என் கணவர். அவர் சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் கூண்டு தொங்கியதாம். இன்றைக்கு அது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிக்கவோ விற்கவோ வளர்க்கவோ கூடாது. நட்சத்திர ஆமைக்கும் அதேதான். 'வீட்டில் ஆமை வைத்தால் பணம் கொட்டும்' என்று யாராவது விற்க வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனை நான் கொஞ்ச நாள் யோசித்தேன். கொளத்தூர் பக்கம் போனால் தெருத் தெருவாக வண்ண மீன் கடைகள். ஆனால் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள் வீட்டில்தான் முதல் வாரமே மீன் மிதக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை மாற்றிக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமையாக இருக்கிற ஆள் எங்கள் வீட்டில் யாருமில்லை.

கடைசியாக நாய். கணவருக்குத் தென் மாவட்டம்; சிப்பிப்பாறை என்றால் கண் விரியும். ராஜபாளையம் 2005இல் தபால் தலையிலேயே வந்த இனம் என்று பெருமை வேறு. இரண்டுமே ஓடுவதற்கும் வேட்டைக்கும் வளர்த்த நாய்கள். இனமே பார்க்காமல் தெருவில் பிறந்த நாட்டு நாயை எடுத்தாலும் தினம் இரண்டு வேளையாவது நடத்திக் கூட்டிப் போக வேண்டும். குட்டி என்றால் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் வெளியே விட்டால்தான் வீட்டுக்குள் போகாமல் பழகும். பகலில் எங்கள் வீட்டில் இருப்பது முழங்கால் வலியோடு இருக்கும் மாமியார் மட்டும். லிஃப்ட் வேலை செய்கிற நாளைவிடச் செய்யாத நாள்தான் அதிகம். நாயும் போனது.

மிச்சம் இருந்தது பூனை. அதற்கு நடை வேண்டாம், ஒரு நாளின் பெரும்பகுதி தூக்கம், மண் வைத்த இடத்தில் தானே போய்விட்டு மூடிவிடும்.

குட்டி வேண்டாம் என்று ஏன் முடிவெடுத்தோம்

எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். ஆனால் குட்டியைப் பார்த்து அது எப்படிப்பட்ட பூனையாக வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயந்தாங்கொள்ளியா, சண்டைக்காரியா, மடியில் உட்காருமா என்பதெல்லாம் வளர்ந்த பிறகுதான் தெரியும். இரண்டு வயதுப் பூனையிடம் இது எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. கருத்தடையும் முடிந்திருந்தால் பெரிய செலவும் கவலையும் மிச்சம். குட்டிதான் வேண்டும் என்றால் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரித்ததை எடுக்காதீர்கள். முடிந்தால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுங்கள். ஒன்றையொன்று கடித்துப் பிராண்டித்தான் கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ளும்.

நங்கநல்லூரில், தெருவிலிருந்து மீட்ட பூனைகளை வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் வீட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் தடுத்துவிட்டார்.

"தூக்காதீங்க பாப்பா. கீழ உக்காருங்க. மேடம், நீங்களும் பையைத் தரையில வச்சுட்டு சும்மா உக்காருங்க. மொதல்ல அதுங்க உங்களைப் பாக்கட்டும்."

உட்கார்ந்தோம். அலமாரி மேலிருந்து ஒன்று முறைத்தது. ஓர் ஆரஞ்சுப் பூனை வந்து நேராக மகளின் தலைப் பின்னலைப் பிடித்து இழுத்தது. சாம்பல் நிறத்தில் வரி போட்ட ஒன்று, அவசரமே இல்லாமல் வந்து என் பை வாரை மோந்து பார்த்தது, கன்னத்தை அதில் ஒரு தேய் தேய்த்தது, இரண்டடி தள்ளிப் போய்க் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டு வேகத்துக்கு அதுதான் ஒத்து வரும் என்று தோன்றியது. சாம்பலுக்கு நடுவே நெற்றியில் கறுப்பாகப் புள்ளிகள். பெயர் கடுகு என்று மகள் அங்கேயே வைத்துவிட்டாள்.

பார்க்க வேண்டியதை அந்தப் பெண்ணே காட்டிக் கொடுத்தார். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல் இருக்கக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு இருந்தால் பூச்சி. உடம்பு ஒல்லியாக வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வாலுக்கு அடியில் சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு அவர் எங்களை விசாரித்தார். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? பால்கனியை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வியில்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்: "வீட்டுல சைவமா?"

மாமியாரோடு ஓர் ஒப்பந்தம்

நாங்கள் சைவம். அதிலும் மாமியாரின் அடுப்பங்கரை சுத்த சைவம்.

"பூனைதானே, தயிர்சாதம் வச்சா தின்னுட்டுப் போகுது. எங்க வீட்டுப் பூனை அப்படித்தான் வளர்ந்துது" என்றார்.

"அந்தப் பூனை வெளிய போய் எலியும் பல்லியும் பிடிச்சுத் தின்னிருக்கும் அத்தை. இது வீட்டை விட்டு வெளிய போகாது. நாம வைக்கறது மட்டும்தான் அதுக்குச் சாப்பாடு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் வந்தது தீர்ப்பு. "எது வாங்கினாலும் அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது. தட்டு தனி, தேய்க்கிற நார் தனி. துணி துவைக்கிற இடத்தோட நிக்கணும்."

"சரி அத்தை."

சைவ வீட்டில் பூனை எடுக்க நினைப்பவர்கள் இந்தப் பேச்சை முன்னாலேயே முடித்துவிடுங்கள். நாய் ஓரளவு எதையும் தின்று சமாளிக்கும். பூனை அப்படி இல்லை. இறைச்சி தின்றே தீர வேண்டிய உடம்பு. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரிக்க முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். அது குறைந்தால் நாளாவட்டத்தில் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். கடையில் கிடைக்கும் பூனை உணவுப் பொட்டலங்களில் டாரின் சேர்த்திருப்பார்கள். எங்கள் ஒப்பந்தம் அதை வைத்துத்தான் ஓடுகிறது.

அசைவ வீடுகளிலும் தவறு நடக்கிறது. மீன் மட்டுமே போட்டு வளர்ப்பது, அதையும் பச்சையாகப் போடுவது. சில வகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து தின்றால் உடம்பில் பி1 வைட்டமின் குறைந்துபோகும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவதும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். கிண்ணம் நிறையத் தண்ணீர் போதும்.

வருவதற்கு முன்னால்

முதல் செலவு வலை. புறா வராமல் அடிக்கும் நைலான் வலை ஏற்கெனவே இருந்தது. ஆனால் பூனை அதைக் கடித்துவிடும், ஓரங்களில் இடைவெளியும் இருந்தது. எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை அடித்தோம். 'பூனை விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்' என்பதை நம்பி மாடி வீட்டில் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். நாலு காலில் விழுந்தாலும் தாடை உடையும், நெஞ்சுக்குள் அடிபடும்.

அடுத்து, வீட்டில் இருக்கும் விஷங்கள். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லலாம். பீரோவில் போடும் அந்துருண்டை ஆபத்து. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். பூச்சாடியில் லில்லி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

எங்கள் வீட்டில் பெரிய ஆபத்து வேறொன்று: பூத் தொடுக்கும் நூல். மாமியார் தினமும் மல்லிகை தொடுப்பார். மிச்ச நூல் முறத்தில் கிடக்கும். பூனையின் நாக்கில் முள் முள்ளாக இருக்கிறதே, அது எல்லாமே தொண்டையை நோக்கித் திரும்பியிருக்கும். வாயில் நூல் மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருங்கி மடிப்பு மடிப்பாகி, அறுந்தும்கூடப் போகலாம். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். இப்போது நூல்கண்டு மூடி போட்ட டப்பாவுக்குள் இருக்கிறது.

பூனைக்கென்று முழு வீட்டையும் தயார் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஓர் அறை. மகளின் அறையில் ஒரு மூலையில் மண் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு, தண்ணீர் அதிலிருந்தும் தள்ளி. சாய்த்து வைத்த ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் நங்கநல்லூரில் அது படுத்திருந்த பழைய துண்டு, துவைக்காமல். மண்ணும் அங்கே பயன்படுத்திய அதே வகை. மண்ணை மாற்ற வேண்டுமானால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றிக்கொள்ளலாம்.

வந்த பிறகு

கூடையைத் திறந்ததும் கடுகு நேராகக் கட்டிலுக்கு அடியில் போனது. சுவரோரம், கடைசி மூலை. வரவில்லை.

பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 'பாவம், பயந்திருக்கு' என்று இழுத்து மடியில் வைப்பார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் பார்க்க வருவார்கள். பூனைக்கு வீடு என்பது முதலில் வாசனை. அதன் வாசனை எங்குமே இல்லாத இடத்துக்கு வந்திருக்கிறது. நடு ராத்திரியில் தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் சுவரோரமாக நிற்பாரே, அந்த நிலை. அவரை நாலு பேர் சூழ்ந்துகொண்டு கொஞ்சினால் எப்படி இருக்கும்?

வீட்டில் ஒரே சட்டம் போட்டோம்: யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, கையை விடக் கூடாது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்படின்னா எதுக்கு வாங்கினோம்?" என்றாள். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். குரல் பழகும், ஆளும் பழகும்.

முதலில் ராத்திரியில் மட்டும் சாப்பிட்டது. காலையில் தட்டும் மண்ணும் பார்த்துத்தான் நடமாட்டம் தெரியும். இதை மட்டும் தவறாமல் பாருங்கள். மறைந்திருப்பது பரவாயில்லை, முழுசாக ஒரு நாள் எதையுமே தொடாமல் இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குக்கர் விசில் ஒரு தனிக் கதை. முதல் விசிலுக்குக் கட்டிலடியில் சரசரவென்று சத்தம். நாள் போகப் போக விசில் அடிக்கும்போது எட்டிப் பார்த்தால், உடம்பு அசையாமல் இரண்டு காது மட்டும் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கிரைண்டருக்கு இன்னும் நாளானது. சத்தத்தை நிறுத்த முடியாது. அதே நேரத்தில் அதே சத்தம் வந்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

கண்ணோடு கண் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லியிருந்தார் நங்கநல்லூர்ப் பெண். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். மெதுவாகக் கண் மூடுவது பயமில்லை என்று சொல்வது. மகள் அதைப் பயிற்சி செய்து, ஒருநாள் அதுவும் பதிலுக்குக் கண் மூடிவிட்டதென்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

கதவு நிலையில், மேசைக் காலில், மகளின் பள்ளிக்கூடப் பையில் கன்னத்தைத் தேய்க்க ஆரம்பித்ததும் கதவைத் திறந்தோம். கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்க்கிற இடமெல்லாம் தன்னுடையது என்று குறித்துக்கொள்கிறது. முதலில் கூடம், பிறகு மற்ற அறைகள். மீட்புக்காரர்கள் 'மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய, வீட்டு நடைமுறை புரிய, முழுசாக ஒட்ட. தோராயமான கணக்குதான், நாய்க்கும் சேர்த்துச் சொல்வது. அவசரப்படுகிறவர்களை அடக்கி வைக்க உதவும்.

கடுகு முதலில் யாரிடம் போய்ப் படுத்தது தெரியுமா? மாமியாரிடம். பகலெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூத் தொடுப்பார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பூனைக்கு வேண்டிய மரியாதை அதுதான். "பூனை உங்களோட ஒட்டிக்கிச்சே மாமி" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதற்கு, "நான் எங்க வளர்க்கறேன்? அது பாட்டுக்கு அது இருக்கு, என் பாட்டுக்கு நான் இருக்கேன்" என்றார். இன்றுவரை தடவிக் கொடுத்ததில்லை.

சொந்தக்காரர்கள் சொல்வதும் டாக்டர் சொல்வதும்

வீட்டில் பழகியதும் டாக்டரிடம் போனோம். குடற்புழு மருந்து, பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் கடைசி ஊசி அவசியம். எந்தப் பிராணி கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி வைத்தியமெல்லாம் வேண்டாம். பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

"பூனை முடி வயித்துக்குள்ள போனா ஆஸ்துமா வரும்" என்பார்கள். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம். எல்லோருக்கும் வராது, ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் பூனையோடு சில மணி நேரம் இருந்து பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பிணி இருந்தால் மண் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்ய வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி, கழிவு ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும்.

அடுக்குமாடிச் சங்கம் 'பிராணி கூடாது' என்று தீர்மானம் போட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் அப்படித் தடை விதிக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாற்றம் வராமல் பார்த்துக்கொண்டால் பாதிப் புகார் வராது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குள் ஒழுங்காக வளரும் பூனை 15 வருஷம்கூட இருக்கும். எங்கள் மகள் இன்னும் ஐந்து வருஷத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள், ஹாஸ்டலாகவும் இருக்கலாம். 'குழந்தை ஆசைப்பட்டது' என்று எடுக்கிற பிராணியைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளப் போவது பெரியவர்கள்தான். அதனால் யாருக்கும் தெரியாமல் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொண்டு வந்து நிறுத்தாதீர்கள். தட்டு கழுவப் போகிறவர், மண் அள்ளப் போகிறவர், பகலில் கூட இருக்கப் போகிறவர் எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு எடுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால், மீட்பு ஆட்களிடம் சொல்லி ஒரு பூனையையோ நாயையோ சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எப்போதும் இடப் பற்றாக்குறைதான், சந்தோஷமாகத் தருவார்கள். உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு அது ஒத்து வருகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.